அப்பாவுக்கு வைத்த பட்டப்பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அப்பா போய் நாளையோடு மூன்று மாதம். அவர் சட்டை இன்னும் கொடியில்தான் கிடக்கிறது, உன் சித்தி மடிக்க வந்தாள், கையைத் தட்டிவிட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகியதை ஒருவழியாகச் சரி பண்ணியாயிற்று.

போன வாரம் நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டருக்கு மாஸ்டர், சிலேவு என்று வைத்திருக்கும் பெயரை மாற்றலாமா வேண்டாமா என்று உங்கள் கம்பெனியில் கூட்டம் போடுகிறார்கள் என்றாய். சிலேவு உங்கப்பா பேராச்சே, அத எதுக்குடி மாத்துறாங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அப்புறம்தான் அடிமை என்று அர்த்தம் சொன்னாய். பதினெட்டு வருஷம்டி, பதினெட்டு வருஷம். மெஷின் ரூமில் பேட்டரி மாற்றுகிற மனுஷனுக்கு அவர் ஆபீஸ் மானேஜர் வைத்த பெயர். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து, பெரிய மெஷினு மாஸ்டராம், அது படுத்துக்கிட்டா அதோட வேலையத் தாங்குறது சிலேவாம், நானும் அப்படித்தானாம் என்று பெருமையாகச் சொன்னார். டீ கொண்டுவருகிறவன் வரைக்கும் அதே பெயர். சிலேவு இங்க வா, சிலேவு அதத் தூக்கு. இவரும் வாயெல்லாம் பல்லாக ஓடினார். நீ பள்ளிக்கூடத்திலேயே அர்த்தம் தெரிந்தும், அப்பா முகம் வாடிவிடும் என்று மறைத்தாயாம். அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மானேஜர் இப்போது உங்கள் கம்பெனிக்கு யோசனை சொல்கிறவனாம், அந்த வார்த்தையால் எங்கள் பழைய ஆபீசில் ஒருத்தர் மனசும் நோகவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம், உனக்கு வேலைக்குச் சிபாரிசு செய்தவன் என்பதால் நீ சும்மா இருக்கப் போகிறாயாம். கேள். ஞாயிற்றுக்கிழமை துக்கம் விசாரிக்கிற சாக்கில் இங்கே வந்தான். உங்க பொண்ணு கூட்டத்துல எதுவும் பேசிடாம நீங்கதாம்மா சொல்லணும் என்றான். அவன் டிரைவர் வாசலில் நிற்கும்போதே நாற்காலியைப் போட்டு, உக்காருங்க சிலேவு, காப்பி குடிக்கிறீங்களா சிலேவு என்றேன். முகம் செத்துவிட்டது. என்னம்மா மரியாதை இல்லாம பேசுறீங்க என்று எகிறினான். ஏங்க, மெஷின் பேருதானே, யாருக்கும் மனசு நோகாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க என்றேன். டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். மானேஜர் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

எனக்கு அது போதாது. அப்பா அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டார், இவன் ஒரு டிரைவர் முன்னால் பட்டால் ஆயிற்றா? கூட்டத்தில் அவன் பேசி முடித்ததும் நீ எழுந்து, அப்பாவுக்கு அவரைப் பெற்றவர்கள் வைத்த முழுப்பெயரைச் சொல்லி, நான் அவர் மகள் என்று சொல். பிறகு அவன் என்ன பெயர் வைத்தான் என்று அவன் வாயாலேயே சொல்லச் சொல். வேலை போனால் போகட்டும், நான் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாவது உனக்குச் சோறு போடுவேன். கம்ப்யூட்டரில் அவன் முகம் தெரியுமாமே, எப்படிக் குனிந்தான், எத்தனை தடவை எச்சில் விழுங்கினான் என்று ஒன்று விடாமல் எனக்குச் சொல்ல வேண்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவர் கண்ணே திறக்காமல் கிடந்தார். என்ன சிலேவு, வீட்டுக்கு வர்றதா உத்தேசம் இல்லையா என்று காதில் கேட்டேன். உதட்டோரம் லேசாகச் சிரித்தார். இத்தனை நாள் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அதையும் கெடுத்துவிட்டான் பாவி. அவனை விடாதே.

உனக்கு ஒரு குறையும் வராது, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. கூட்டம் வியாழக்கிழமை என்றாய். தலையை வாரி, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு போ, குரல் நடுங்கினாலும் நிறுத்தாதே.

இப்படிக்கு,
உன் அம்மா