ஆறு நாற்காலி மேசை

என் அன்புக்குரியவருக்கு,

நான், உங்கள் அப்பா, நம் சுட்டி மூவரும் இங்கே நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு நாற்காலியோடு மேசை வாங்கியிருக்கிறேன் என்றதும் "யூ ஆர் எக்ஸ்ட்ராவகண்ட்" என்று ஒற்றை வரியில் மெசேஜ் அனுப்பினீர்களே, அந்தச் சொல் நம் வீட்டில் படாத பாடு படுகிறது. சுட்டி அகராதியைப் புரட்டி, "சும்மா செலவு பண்ணா எக்ஸ்ட்ராவகண்ட் ஆகாதும்மா, தேவைக்கு மேல வாரி இறைக்கணும்" என்று விளக்கினாள். காசுக்கு மட்டுமில்லை, அளவு மீறிய புகழ்ச்சிக்கும் சொல்லலாமாம். அன்றிலிருந்து அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டே குளித்தால், வெளியே நின்று மாமா "எக்ஸ்ட்ராவகண்ட்!" என்று குரல் கொடுக்கிறார். அவர் என் சமையலைப் புகழ்ந்தால், அவள் அதையே அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறாள்.

மேசைக்கு வருகிறேன். ஒரு முனையில் நான் திரைச்சீலை வெட்டுகிறேன். தரையில் விரித்து வெட்டி முதுகு ஒடிந்ததெல்லாம் பழைய கதை. மறுமுனையில் சுட்டி படிக்கிறாள். நடுவில் மாமா பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருக்கிறார். திரும்பச் சேர்க்கத் தெரியுமா என்று கேட்டால் காது கேட்காதவர் மாதிரி இருக்கிறார். சாப்பிடுவதற்கு இடம் ஒதுக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறோம், மறைக்க மாட்டேன்.

அங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எதற்காகப் போனீர்களோ அந்த வீடு நம்முடையதாகிவிட்டது. என் தையலில் அடுப்பு எரிகிறது. நீங்கள் இங்கே ஒரு வேலை பார்த்தால் தாராளமாகப் போதும். சுட்டி என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். மூன்று வருடம் கழித்து வந்தால் அவள் கல்லூரி விடுதியில் இருப்பாள், பார்க்க வேண்டுமென்றால் லீவு நாள் பார்த்துத்தான் போக வேண்டும். தேவை தீர்ந்த பிறகும் மூன்று வருடத்தை அங்கே வாரி இறைப்பதற்கு என்ன பெயர்? நீங்கள் அனுப்பிய சொல்தான், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபமில்லை. நீங்கள் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் நாற்காலியில் இப்போது துணியைக் குவித்து வைத்திருக்கிறேன். வருகிற தேதியைச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊதாரி மனைவி