நீலப் போத்தல்

மனைவி தர்மிளா எழும்புவதற்குள் பிரதீபன் வயலுக்குப் புறப்பட வேண்டும். நேற்றைய சண்டைக்குப் பிறகு இருவரும் கதைக்கவில்லை. குசினி மேசையில் சீட்டெழுதி வைத்தான்:

"நெல்லு அருவி வெட்டுற மெசின் வருது, போறன். புட்டு மூடி வைச்சிருக்கு. பின்னேரம் போட்டியில ஓடமுதல் தேசிக்காய்த் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடி. உப்பும் சீனியும் அளவாப் போட்டிருக்கிறன். கோச் சேர் தந்துவிட்ட நீலப் போத்தலைத் தேடாதை."

போன ஓட்டப்போட்டியில் அவன் நீட்டிய தண்ணீரைத் தாண்டிப் போய், கோச்சின் கையால் அவள் வாங்கிக் குடித்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. படலைவரை போனவன் திரும்பி வந்து, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினான்:

"போத்தல் அரிசி வாளிக்குள்ள கிடக்கு, கொண்டுபோ. அவர் நிரப்பினதை வாழைக்கு ஊத்திப்போட்டன். இப்ப அதுக்குள்ளயும் நான் கரைச்சதுதான்."