பேனருக்குப் பின்னால் ஒரு கதவு

அண்ணாச்சி,

இன்று காலை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நம் சந்துக்குள் நுழைந்தேன். உங்கள் படத்துக்குக் கீழே எவனோ ஒன்றுக்கு அடித்துவிட்டுப் போயிருக்கிறான். நம் வணிகர் சங்கம் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர் அது. அதில் உங்கள் தலையைவிட, உங்களுக்குப் பின் வந்த புதுத் தலைவரின் தலை பெரிது, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அதை எங்கே அடித்திருக்கிறார்கள் தெரியுமா? நீங்கள் போராடிக் கட்டிய பெண்கள் கழிப்பறையின் கதவுக்குக் குறுக்கே. குமட்டுகிறது, அண்ணாச்சி. நாற்றத்தால் மட்டும் இல்லை.

நான் இங்கே உஸ்மான் சாலைப் பக்கம் பிளவுஸ் துணிக் கடை போட்ட புதிதில், சங்கம் என்றால் தீபாவளிக்குச் சீரியல் விளக்கு, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் பாத்திரக் கடை வாசலில் நடந்த கூட்டத்தில் நீங்கள் கேட்டீர்கள்: "நம்ம கடைப் புள்ளையெல்லாம் காலைல இருந்து தண்ணி குடிக்காம நிக்குது. ஏன்னு யாருக்காவது தெரியுமா?" பதிலையும் நீங்களே சொன்னீர்கள்: "குடிச்சா போகணும்லா. எங்க போவும்? ஆம்பளைக்குத்தான் ஊரெல்லாம் செவரு."

கழிப்பறை வந்தது. அதைவிட நீங்கள் போட்ட முறைதான் பெரிது. சாவி வாரம் ஒரு கடையில் இருக்கும். சாவி இருக்கும் கடையின் முதலாளிதான் அந்த வாரம் கழுவ வேண்டும், ஆள் வைக்கக் கூடாது. முதல் வாரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பினாயில் வாளியோடு நீங்களே இறங்கினீர்கள். நகைக்கடைக்காரர் முகம் சுளித்தார். "நம்ம சந்துக்கு வந்தவங்க போனதுதான வே? இதுல என்ன அசிங்கம்? வாரும்," என்றீர்கள். வந்தார். பிறகு வியாபாரமும் வந்தது. பிள்ளைகளோடு வரும் பெண்கள் அவசரமாக ஓடாமல் நின்று நிதானமாகத் துணி பார்த்தார்கள்.

போன வாரம் என் முறை முடிந்து, அடுத்த கடைக்காரரிடம் சாவியை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நேற்று பேனர் வந்ததும் தலைவரைப் பார்க்கப் போனேன். சங்கக் கூட்டம் இப்போதெல்லாம் ஏ.சி. ஹாலில். சந்து முனையில் செல்ஃபி எடுக்க ஒரு பொம்மை யானை வைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஷாப்பிங் வர்றவங்க கண்ணுல கக்கூஸா மேடம் படணும்? அண்ணாச்சி படம்னா ஒரு மரியாதை," என்றார் தலைவர். உங்களோடு வாளி தூக்கிய நகைக்கடைக்காரரும் தலையாட்டினார். தூ!

இன்று மத்தியானம் என் கடையில் வேலை செய்யும் செல்வி வந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். "யக்கா, சாவி குடு. இன்னாக்கா இது, பேனரை வச்சு அடைச்சிகீறாங்க, எப்டி போறது?" முகம் வெளிறியிருந்தது. காலையிலிருந்து அடக்கியிருக்கிறாள்.

கயிறாக இருந்தால் அவிழ்த்திருப்பேன். மரச்சட்டம் போட்டு ஆணி அடித்திருந்தார்கள். துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கொண்டு போனேன். கதவுக்கு நேரே இருந்தது உங்கள் முகம்தான். ஒரு கும்பிடு போட்டேன். பிறகு மேலிருந்து கீழே ஒரே வெட்டு. செல்வி சாவியை வாங்கிக்கொண்டு அதன் வழியாக உள்ளே போனாள்.

"அண்ணாச்சி படத்தையே கிழிச்சிட்டீங்களே!" என்று தலைவர் ஓடிவந்தார். "அவரு வழி விட்டாருங்க," என்றேன்.

சாயங்காலம் உள்ளே கழுவிவிட்டு, வெளியே உங்கள் காலடியையும் சேர்த்துக் கழுவினேன். கையில் இன்னும் பினாயில் வாசனை. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. வாங்க ஆள் வரும்வரை எல்லா வாரமும் என் வாரம்.