கரடித் தளபதியின் குரலை எனக்கே திரும்பத் தரக் கோரி

அனுப்புநர்:
‘கரடித் தளபதி’ முதல் பாகத்தில் கரடிக்குக் குரல் கொடுத்தவர்,
மூத்த உறுப்பினர், பின்னணிக் குரல் கலைஞர் சங்கம்.

பெறுநர்:
சங்கச் செயலாளர் அவர்கள்.

பொருள்: இரண்டாம் பாகத்தில் என் மைத்துனன் பேசிய தற்காலிகக் குரலையே வைத்துப் படத்தை வெளியிட்டது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாவி கொடுத்தால் நடக்கும் கரடி பொம்மை ஒன்று, மற்ற பொம்மைகளைத் திரட்டிச் சண்டை போடும் படம் இது. பொம்மைக்கு வாய் அசையாது. ஆகவே ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால், சுருள்வில் முறுக்குவதுபோல் ‘கர்ர்’ என்று தொண்டையில் ஒலி எழுப்பிப் பேசினேன். அது நானே கண்டுபிடித்தது.

2. இரண்டாம் பாகத்தின்போது எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேலை நிற்கக் கூடாதே என்று மனைவியின் தம்பியை டிராக் பேச அனுப்பினேன். டிராக் என்பது உரியவர் வரும்வரை இடம் பிடித்து வைக்கும் குரல் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தக் ‘கர்ர்’ ஒலியையும் சமையலறையில் அவனை நிறுத்தி, எழுதிக் காட்டியும் தொண்டையைத் தொட்டுக் காட்டியும் நானே சொல்லிக்கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். பத்து நாளில் குணமாகிப் போய் நின்றால், இயக்குநர் அந்தக் குரலே இருக்கட்டும் என்றுவிட்டார்.

3. பொறாமையில் எழுதுவதாகத் தாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதால் நிறைகளை முதலில் சொல்கிறேன். கட்டிலுக்கு அடியில் நடக்கும் ரயில் துரத்தல் அருமை. கரடியின் பொத்தான் கண் தெறித்து விழும்போது அரங்கமே மூச்சை அடக்கியது. இவற்றில் எதற்கும் மைத்துனன் காரணமல்ல.

4. குறைகள்: மாடிப்படிச் சண்டை இருபது நிமிடம், பக்கத்து இருக்கைக்காரர் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். கால் உடைந்த குதிரை அடுத்த காட்சியிலேயே பாய்கிறது. வில்லன்கள் ஐந்து பேர்; கடையில் பொம்மை விற்கவே சேர்த்தது அப்பட்டமாகத் தெரிகிறது. கடைசிக் காட்சியில் கரடி ‘கர்ர்’ இல்லாமல் பேசுவது எல்லாவற்றிலும் பெரிய குறை.

5. மேற்கண்ட கடைசி வரியை அடித்துவிட்டேன், அடித்தலைப் பொறுத்துக்கொள்ளவும். முறுக்குத் தளர்ந்து நிற்கப்போகும் கரடிக்கு அந்த ஒலி எங்கிருந்து வரும்? நானாக இருந்தால் அங்கேயும் போட்டிருப்பேன். இதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

6. முதல் பாகத்தைச் சோளப்பொரி தின்றபடி பார்த்த என் மனைவி, இம்முறை கைக்குட்டையை நனைத்துவிட்டாள். திரும்பும் வழியில் பேருந்தில், “நீங்க பேசினப்போ எனக்கு நீங்கதான் தெரிஞ்சீங்க. தம்பி பேசுறப்போ கரடி தெரிஞ்சுதுங்க” என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனோ வீட்டுக்கு வந்து, எல்லாம் மாமா போட்ட பிச்சை என்கிறான். அதைக் கேட்டால் வயிறு இன்னும் எரிகிறது.

7. அவன் குரலை நீக்கி என் குரலைச் சேர்க்க உத்தரவிட வேண்டும் என்று கேட்கத்தான் இம்மனுவைத் தொடங்கினேன். மூன்றாம் பாகத்தில் கரடிக்கு மறுபடியும் சாவி கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு டிராக் பேச என்னை அனுப்பினால் போதும். மைத்துனனுக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. கட்டினால் மட்டும், பத்து நாள் நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

நாள்: படம் வெளியான பதினோராம் நாள்
இடம்: வீட்டு மொட்டை மாடி (மனைவி கீழே இருக்கிறாள்)

இப்படிக்கு,
முதல் கரடி