பூசை நடுவில் இறங்கிய பால்

17.7.1994, ஞாயிறு

பத்து நாளாக, பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியதும் மார்பில் சுருக்கென்று ஊசி குத்துகிறது. ஏதோ நோவு, பாலில் இறங்கிவிடும் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் அவனை விலக்கிவிடுவேன். அவன் கத்துவான். "உனக்குப் பால் வத்திப்போச்சு அம்மணி, நாளைக்கு டப்பாப் பால் வாங்கிப்போடலாம்" என்று நேற்று மாமியார் சொல்லிவிட்டார்.

பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்து இன்றுதான் மாதா கோயில் பூசைக்குப் போனேன். பிள்ளை மாமியார் மடியில் தூங்கினான். சாமியார் அப்பத்தை உயர்த்திய அமைதியில், பின்னால் வேறு யார் குழந்தையோ வீறிட்டது. எனக்கு அதே ஊசி. ரவிக்கை இருபுறமும் நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடுவதற்குள் மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏனம்மணி, ஊரான் புள்ளைக்குத்தான் ஊறுமா?" என்று காதோரமாகக் கேட்டார்.

"ஊசியாட்டம் குத்துதுங்க அத்தை. பத்து நாளா இப்படித்தானுங்க."

"அட கிறுக்கி! பால் இறங்கறப்ப அப்படித்தான் குத்தும். அதுக்கா புள்ளையைப் பட்டினி போட்டே?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆண்டவரே, நடுப்பூசையில் பேசியதை மன்னியும். என் மகனும் மன்னிக்கட்டும்.

நாளைய சாமான் பட்டியலில் டப்பாப் பாலை அடித்துவிட்டேன். இப்போது இடது கையில் அவன். குத்துகிறது. விலக்கவில்லை. மடக் மடக்கென்று விழுங்குகிறான். மறுபக்கம் சொட்டி இந்த வரியின் மை கலைகிறது. கலையட்டும்.