மூப்பருக்கு நான் எழுதிக்கொடுத்த தலைவர்கள்

1999 ஜூன் 6, ஞாயிறு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மூப்பரின் பேச்சிலிருந்து மூன்று 'ஆகவே'க்களை வெட்டினேன். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியதே அதற்குப் பிறகுதான். 'ஆகவே' வந்தால் சின்னராசா மூப்பர் கண்ணாடியைக் கழற்றிச் சபையை ஒரு சுற்றுப் பார்ப்பார். மூன்று 'ஆகவே' என்றால் ஆராதனை கால் மணி நேரம் நீளும்.

சபைக்குப் புது மண்டபம் கட்டி முடிந்துவிட்டது. இருபத்தேழாம் தேதி பேராயர் வந்து திறக்கிறார். அதுவரை ஞாயிறுதோறும் 'வேதம் காட்டும் தலைவர்கள்' என்ற தலைப்பில் மூப்பர் பேசுவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் மூப்பர். எழுதுவது நான். பதினோரு வருஷமாக இந்தச் சபையின் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் என்பதால் இதுவும் என் தலையில். "டீச்சர், நீங்க நாலு வரி போட்டுத் தாங்க, மத்தத ஆவியானவர் பாத்துக்குவாரு." நாலு வரி என்றால் எட்டுப் பக்கம். ஆவியானவர் இன்றுவரை ஒரு வரியும் எழுதித் தந்ததில்லை.

இன்று மோசே. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்களின் வழக்கையெல்லாம் தான் ஒருவனே உட்கார்ந்து கேட்கிறான். மாமனார் வந்து பார்த்துவிட்டு, இப்படிச் செய்தால் நீயும் தேய்வாய், இவர்களும் தேய்வார்கள், பாரத்தைப் பகிர்ந்துகொடு என்கிறார். எட்டுப் பக்கத்துக்கும் உயிர் அந்தப் பத்திதான். மூப்பர் அந்த இடத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். கேட்டதற்கு, "மழ ஈரம் டீச்சர், பக்கம் ஒட்டிக்கிச்சு" என்றார். கடைசியில் சொந்தமாக ஒன்று சேர்த்தார்: "மோசே நாப்பது வருஷம். அடியேன் இருபத்திரண்டு வருஷம்."

ஜூன் 8, செவ்வாய்

மழை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்கள் நனைந்த கோழிகள்போல ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூன் 10, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மாக்கண்ணு அக்கா வாசலில் நின்றார். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறார், தலையில் கூடைக் கயிற்றின் தடம் இன்னும் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"லயத்துக்குப் பின்னால மண்ணு வாயத் தொறந்துருக்கு டீச்சர். போன கெழம வெரல் உள்ள போச்சு. இப்ப கை போவுது."

கீழ் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஏழு வீடு, ஏழு குடும்பம். தோட்டத்து ஆபீசில் சொல்லியாயிற்றாம். "தொர வந்து பாத்து எழுதிக்கிட்டுப் போனாரு. எழுதிக்கிட்டா மண்ணு நிக்குமா?" மழை விடும்வரை புது மண்டபத்தில் படுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார். எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்காவது.

சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது, நானே பேசுகிறேன் என்றேன். அங்கே என் பேச்சு எடுபடாதென்று தெரிந்தே சொன்னேன். அப்போது அவர் முகம் தெளிந்ததை இப்போது நினைத்துப் பார்க்க விருப்பமில்லை.

ஜூன் 12, சனி

கமிட்டியில் ஒன்பது ஆண்கள், நான். பேசினேன். "ஏழு குடும்பம்" என்று ஆரம்பித்தேன். அத்தோடு என் பேச்சு முடிந்தது, ஏனென்றால் மூப்பர் ஆரம்பித்துவிட்டார்.

"டைல் போட்டு எட்டு நாளுதான் ஆவுது. பேராயர் கால் வைக்க முந்தி சட்டி பானையவா வைக்கிறது? நான் வேணாங்கல. தெறப்பு விழா முடியட்டும்."

ஒன்பது தலையும் ஆடின. நான் எழுதினேன்: 'கீழ் லயத்துக் குடும்பங்களின் வேண்டுகோள் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.' எடுத்துக்கொண்டது யார்? எங்கே வைத்தார்கள்? யாரும் கேட்க முடியாதபடி எழுதுவதற்கு எனக்குப் பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. நானும் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

ஜூன் 13, ஞாயிறு

இன்று நெகேமியா, எருசலேமின் மதிலைக் கட்டியவன். மதில் பாதியிலேயே மண்டபமாக மாறிவிட்டது. நெகேமியா கல்லை எங்கே எடுத்தான் என்று வேதம் விவரமாகச் சொல்லவில்லை. மூப்பர் சொன்னார்: நோர்வூட் டவுனில் தன்னுடைய சொந்த இரும்புக் கடைக்குப் பக்கத்துக் கடையில்.

அம்மாக்கண்ணு அக்காவிடம் "பரிசீலிக்கிறாங்க" என்றேன். "அப்டின்னா?" என்றார். "பாக்குறாங்க." "பாக்கட்டும் டீச்சர். நாங்களுந்தான் ராப்பகலா மண்ணப் பாத்துக்கிட்டிருக்கோம்."

ஜூன் 16, புதன்

பெண்கள் ஐக்கியத்தில் இன்று வயிறு நோகச் சிரித்தோம். மூப்பரின் தொடருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, சபைத் தலைவன் எப்படி இருக்க வேண்டுமெனப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய பகுதியை வாசித்தேன். வாசிக்கும்வரை எனக்கே உறைக்கவில்லை, நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்தத் தலைவனுக்குப் பெயர் கண்காணி.

கொழுந்தெடுக்கிற பெண்கள் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்தச் சொல். நாளெல்லாம் இவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, முற்றல் இலையைப் பிடுங்கினாய், நிரையை விட்டாய் என்று சத்தம் போடுகிற ஆளுக்கு இங்கே அதே பெயர்தானே.

"கங்காணியா?" என்றார் அழகம்மா. "எந்தத் தோட்டத்து?"

கண்காணி குடிக்கிறவனாக இருக்கக்கூடாது என்று வாசித்தேன். ஒரு மூலையில் சிரிப்பு. அடிக்கிறவனாக இருக்கக்கூடாது. எல்லா மூலையிலும். அந்நியரை உபசரிக்கிறவனாக இருக்க வேண்டும். அம்மாக்கண்ணு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், இந்தப் பவுலு அப்டி ஒருத்தரக் கண்ணால கண்டாரா, இல்ல கேள்விப்பட்டதா?"

அப்போதுதான் அழகம்மாவுக்கு என் அப்பா ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். என் அப்பா சாகும்வரை கங்காணி.

"சும்மா சிரிங்க," என்றேன். "அவரு குடிச்சாரு. அடிச்சாரு. உபசரிச்சத நான் பாத்ததில்ல."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அழகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெபம் சொல்லி முடித்தோம்.

ஜூன் 20, ஞாயிறு

இன்று நான் செய்தது கெட்டித்தனமா, கேவலமா? இன்னும் தெரியவில்லை.

சவுல் ராஜாவின் முறை. ராஜாவாகத் தெரிந்தெடுத்தபோது வெட்கப்பட்டுச் சாமான்களுக்கு நடுவே ஒளிந்துகொண்ட மனிதன். கொஞ்ச வருஷத்தில் தனக்குத்தானே வெற்றித் தூண் நாட்டிக்கொண்டவன். அதை எழுதிவிட்டு அடுத்த வரியில் போட்டேன்: 'தன் பெயரைத் தானே கல்லில் வெட்டிக்கொள்ளுகிற தலைவனை ஆண்டவர் அப்போதே கைவிட்டுவிட்டார்.'

மண்டபத்துச் சுவரில் போன கிழமை பளிங்குக் கல் பதித்தார்கள். பேராயரின் பெயர் சிறிய எழுத்தில், மூப்பரின் பெயர் பெரிய எழுத்தில்.

மூப்பர் அந்த வரியை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாந்தரமும் வாசித்தார், அழுத்தி. சபை முழுக்கத் தலை திரும்பி ஜன்னல் வழியாக அந்தக் கல்லைப் பார்த்தது. போதகர் இருமினார், சிரிப்பை மறைக்க அவருக்கு அந்த ஒரு வழிதான். முடிந்ததும் மூப்பர் என்னிடம் வந்து, "இன்னைக்கி நல்லாப் பதிஞ்சிச்சு டீச்சர். எல்லாரும் கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க" என்றார்.

ஜூன் 21, திங்கள்

நேற்றைய சிரிப்பு இன்று புளிக்கிறது. அந்த ஒரு வரியைச் செதுக்க நான் மூன்று நாள் எடுத்தேன். அதே மூன்று நாளில் ஒன்பது கமிட்டிக்காரர் வீட்டுக்கும் நடந்திருக்கலாம். ஒவ்வொருவராகக் கேட்டிருக்கலாம். நடந்தேனா? குத்திக்காட்டினேன், மழைக்கு முந்தி வீட்டுக்கு வந்தேன். ஏழு வீட்டுக்காரர்களும் அதே இடத்தில்தான் படுத்தார்கள்.

ஜூன் 24, வியாழன்

மழை. மழை.

ஜூன் 26, சனி

எழுத்து கோணுகிறது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கீழ் லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்தது. மூன்று வீட்டு அடுப்படி மண்ணுக்குள். அழகம்மாவின் கோழிக்கூடு இருந்த இடமே தெரியவில்லை. ஆட்கள் தப்பியது எப்படி என்று அழகம்மா சொன்னார். காலையில் லயத்து வடிகானில் ஓடிய தண்ணீர் சிவப்பாக மாறியதை அம்மாக்கண்ணு அக்கா பார்த்திருக்கிறார். ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஏசி, ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கவைத்து, அத்தனை பேரையும் வெளியே எடுத்திருக்கிறார். "சட்டிய எடுக்கிறேன்னு உள்ள போனவள முடியப் பிடிச்சு இழுத்தாங்க டீச்சர். அடிச்சாங்கன்னே வைங்களேன்."

முப்பத்தொரு பேர் மழையில் மண்டபத்துக்கு வந்து நின்றார்கள். நான் நாளைய விழாவுக்குக் கதிரை எண்ண அங்கே போயிருந்தேன். மூப்பரும் இருந்தார். கதவுக்குப் பூட்டு இன்னும் பொருத்தவில்லை. பேராயர் வெட்டுவதற்காகக் கட்டிய சிவப்பு ரிப்பன்தான் இரண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்திருந்தது. ஒரு முழ ரிப்பன். அதன் முன்னால் முப்பத்தொரு பேர் நனைந்துகொண்டு நிற்கிறார்கள்.

"நாளைக்கி ஒரு நாள்தான்," என்றார் மூப்பர். "இப்பத்திக்கி பள்ளிக்கூடத்துக்குப் போங்க. சாவி டீச்சர்கிட்ட இருக்கும்."

என்னிடம் இல்லை. பள்ளிக்கூட அதிபரிடம். அவர் ஹட்டனில். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாக்கண்ணு அக்கா முன்னால் வந்தார். இடுப்பில் அடுத்த வீட்டுக் குழந்தை, மற்றக் கையில் அரிசி வாளி. குனிந்தார். ரிப்பனைப் பல்லால் கடித்தார்.

"அம்மாக்கண்ணு, என்னா செய்ற?"

"தொறக்கிறேன் மூப்பரய்யா."

இரண்டு கடியில் அறுந்தது. நூலைத் துப்பிவிட்டுக் கதவைத் தோளால் தள்ளினார். தான் போகவில்லை. ஓரமாக நின்று ஒவ்வொருவராக எண்ணி உள்ளே விட்டார். முப்பத்தொன்றாவதாக அவர் போனார்.

நான் என்ன செய்தேன்? குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை எழுதத்தான் வேண்டும்: நாளைக்குப் பேராயர் எதை வெட்டுவார்?

ஜூன் 27, ஞாயிறு

வேறு ரிப்பன் வெட்டினார். காலையில் மூப்பர் டவுனில் ஒரு துணிக்கடையைத் திறக்கவைத்து எடுத்து வந்தார், இந்த முறை நீலம். உள்ளே முப்பத்தொரு பேர் இருக்க, வெளியே கதவைச் சாத்திக் கட்டினார்கள். "கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க" என்று ஜன்னல் வழியாகச் சொல்லப்பட்டது. பேராயர் வெட்டினார். கதவு திறந்தது. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பேராயர் கண்கலங்கிவிட்டார். "விழாவுக்கு முன்பே தன் வாசலை ஏழைகளுக்குத் திறந்த சபை" என்றார். மூப்பர் தலை குனிந்தார். அவ்வளவு அடக்கத்தை அவர் முகத்தில் நான் கண்டதேயில்லை. சவுல் சாமானுக்குள் ஒளிந்த இடத்தை இவரைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அம்மாக்கண்ணு அக்கா பின்னால் நின்று கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்டாரா? கேட்டதாகத் தெரியவில்லை.

ஜூலை 3, சனி

மூப்பர் வீட்டுக்கே வந்தார். குடும்பங்களை மண்டபத்தில் வைக்க இருபத்தாறாம் தேதி காலையில் கமிட்டி தீர்மானித்ததாக ஒரு குறிப்பு வேண்டுமாம். பேராயர் அலுவலகம் பத்திரிகையில் போடப்போகிறது.

"அன்னைக்கிக் கூட்டம் நடக்கலியே."

"நடந்த மாதிரிதானே டீச்சர்."

அதோடு இன்னொன்றும் சொன்னார். இந்த மாசம் இருபத்துநாலாம் தேதி மண்டபத்தில் ஒரு கலியாணம். அதற்கு முந்தி அந்த ஏழு குடும்பமும் கிளம்ப வேண்டும். எங்கே? "லயத்துல நாலு வீடு நல்லாத்தானே இருக்கு." மேலே மேடு இன்னும் பாதி தொங்குகிறது. தெரியாதா இந்த மனுசனுக்கு? தெரியும். நல்லாவே தெரியும்.

பேனாவை எடுத்தேன். தேதி எழுதினேன். அப்புறம் மை முடிஞ்சுபோச்சு என்றேன். நாற்பத்தாறு வயதில், முடியாது என்று சொல்லத் துணிவில்லாமல் பேனாமேல் பழி போட்டேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேசையில் கிடக்கிறது. தொடவில்லை.

ஜூலை 7, புதன்

வருஷப் பொதுக்கூட்டம் பதினோராம் தேதி. மூப்பர் தெரிவும் அன்றுதான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பெயர், ஒரே கைதட்டல். குடும்பங்கள் இருப்பதும் போவதும் இனி வருகிற மூப்பர் கையில்.

ஐக்கியம் முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீங்க நில்லுங்க டீச்சர். படிச்சவங்க. நாங்க கை தூக்குறோம்." யோசிக்கிறேன் என்றேன்.

பொய். யோசிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் ஏற்புரை தயாரித்தேன். பாலத்தடிக்கு வரும்போது முதல் 'ஆகவே' வந்துவிட்டது.

ஜூலை 9, வெள்ளி

சபை விதிப் புத்தகத்தை இன்று முழுக்க வாசித்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. மூப்பராக நிற்பவருக்கு ஞானஸ்நானம் வேண்டும், ஒழுங்காக ஆராதனைக்கு வர வேண்டும், ஐந்து வருஷம் சபையில் இருந்திருக்க வேண்டும். ஆணாக இருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. எழுத வாசிக்கத் தெரிய வேண்டும் என்றும் இல்லை. இவ்வளவு காலம் இரண்டும் இருப்பதாக நாங்களே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நியமனப் பத்திரம் ஒன்று எடுத்து வந்து நிரப்பினேன். முன்மொழிபவர் என்ற கோட்டில் என் பெயர்: ஜெயமலர். மேலே, நிற்பவரின் பெயர்: அம்மாக்கண்ணு.

வழிமொழிய ஆள் வேண்டும். நாளைக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும் முன் அழகம்மாவைப் பிடிக்க வேண்டும். அதுவரை யாருக்கும் சொல்லப்போவதில்லை, போதகருக்கும்கூட. அம்மாக்கண்ணு அக்காவிடம் ஞாயிறன்று கூட்டத்தில்தான் சம்மதம் கேட்பார்கள். "எனக்கு எழுதத் தெரியாதே டீச்சர்" என்று எல்லார் முன்னாலும் என்னை ஏசுவார். ஏசட்டும். எழுத நான் இருக்கிறேன். அவர் சொல்வதை, சொன்ன தேதியில், சொன்னபடி.