சுரபாயா என்று எழுதிய கண்ணாடி

என் கணவருக்குப் பணிவான சலாம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பேத்தி வுலானுக்குச் சளி விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

பினாங்கில் நான் சமையல் வேலை செய்யும் வீட்டின் முதலாளி பூன் ஹெங், பழுதான பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்துச் சேர்த்து ஒன்றைப் பாடவைத்துவிட்டார். பெட்டியும் உள்கூடும் நம் வீட்டில் இருந்த அதே ரகம். ஊர்ப் பெயர்கள் எழுதிய முகப்புக் கண்ணாடியில் நம்மூர் சுரபாயாவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, முள்ளை அங்கே திருப்பினேன். எவனோ சயாமியன் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தான்.

பூன் ஹெங் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, கண்ணாடி வேற ரேடியோவோடது. அதுல இருக்கிற ஊரெல்லாம் சும்மா!"

"எங்க வீட்டு ரேடியோக் கண்ணாடி வந்தா?"

"ஊரைச் சரியா காட்டும். ஆனா அவ்ளோ தூரத்துச் சத்தம் இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு எட்டாதுக்கா."

நம் ரேடியோவை மகள் கல்யாணத்தன்று, "நாளைக்கே தந்துடுறேன் அண்ணி" என்று உங்கள் தங்கை சர்மி தூக்கிப்போனாள். அன்று அவள் போட்டிருந்ததும் என் பச்சைச் சட்டைதான். ரேடியோ தொலைந்தது என்பாள், நம்பாதீர்கள். அவள் கட்டிலுக்கு அடியில் பாருங்கள். கண்ணாடியை மட்டும் கழற்றி, உங்கள் பழைய கைலியில் சுற்றி, இங்கே வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கைலியைத் துவைக்க வேண்டாம்.

சத்தம் வராவிட்டால் போகிறது. முள்ளாவது நம்மூரில் நிற்கட்டும்.

அடுப்பில் மீன் தீய்கிறது.

உங்கள் சுமர்னி